எங்கிருந்து அளப்பது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. நான் ஜோக் எழுதினால் யாருக்கும் சிரிப்பு வராது. "அப்போ உன் ப்ராஜெக்ட் பத்தி எழுதுடா" என்றான் ஒருவன். ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான் ரிப்போர்ட் எழுதியாயிற்றே! அது ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு டிபார்ட்மென்ட் அலமாரியில் தூங்குகிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. நான் செய்த தப்பு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட்டின் தலைப்பு கொஞ்சம் நீளம். "செயற்கை நுண்ணறிவு மூலம் மனித உடல் அசைவைப் பகுத்தாய்தல்". ஜூனியர்கள் பயப்பட வேண்டாம். எங்க அப்பாவின் வலது கை எவ்வளவு உயரம் போகிறது என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். அவ்வளவுதான்!

அப்பாவுக்கு ஆத்தங்குடியில் கல் பட்டறையில் வேலை. நம் செட்டிநாட்டு வீடுகளின் தரையில் முகம் பார்க்கலாம் என்று சொல்வார்களே, அந்தப் பூக்கல் போடுகிற வேலை. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் பண்ண வேண்டும். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, சில நாள் ஊறவிட்டு, எடுத்துக் காய வைத்தால் கண்ணாடி பிரிந்து வரும். கல்லுக்குப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பதுதான். ஆனால் கல்லைத் தூக்குவதும் இறக்குவதும் தோள். அதுவும் எங்க அப்பாவின் வலது தோள்.

போன வருஷம் அந்தத் தோள் இறுகிவிட்டது. சட்டை மாட்ட முடியவில்லை. தலை சீவ முடியவில்லை. டாக்டர் "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும் என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுமாம். பிறகு கை மேலே போகாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்துதான் கொஞ்சம் கொஞ்சமாக இளக வேண்டும். சுவரில் விரல்களால் ஏறுவது, கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, பக்கவாட்டில் தூக்குவது என்று பயிற்சிகளைப் பிசியோதெரபி மேடம் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் இரண்டு கை வைத்த ஒரு பிளாஸ்டிக் கோணமானி இருந்தது. ஒவ்வொரு முறையும் அதை வைத்து அளந்து, அட்டையில் ஒரு எண்ணை எழுதுவார். முதல் நாள் எழுதியது 85. நல்ல தோளுக்கு அது 180 வரை போக வேண்டும்.

நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்று கோணமானியைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, கவனிக்கவில்லை. அது பின்னால் வருகிறது.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாது. வாரம் ஒரு நாள்தான். மீதி நாள் வீட்டில் செய்கிற பயிற்சி சரியா தப்பா என்று யார் பார்ப்பது? இதையே ப்ராஜெக்ட்டாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. நாங்கள் நால்வர் குழு. கைடு சாரும் "நல்ல ஐடியாப்பா" என்று உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

கூகுள் வெளியிட்ட மீடியாபைப் என்கிற இலவச மென்பொருள்தான் எங்கள் அஸ்திவாரம். ஒரு சாதாரண வெப்கேமரா போதும். ஆள் முன்னால் நின்றால், அவர் உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும். 12 வலது தோள். 14 வலது முழங்கை. 24 வலது இடுப்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒவ்வொன்றுக்கும் எக்ஸ், ஒய் தூரம். புள்ளி கிடைத்துவிட்டால் கோடு. இரண்டு கோடு கிடைத்தால் நடுவில் கோணம். நாம் கணக்குப் பாடத்தில் 'இது எதுக்கு சார் உதவும்?' என்று கேட்டோமே, அந்த டாட் ப்ராடக்ட் இதற்குத்தான் உதவியது!

ஸ்டிக்கர் ஒட்டாமல், ஒயர் மாட்டாமல் அதற்கு எப்படித் தோள் தெரிகிறது? மனிதர்கள் சொல்லிக் கொடுத்ததுதான். ஆயிரக்கணக்கான படங்களில் இது தோள், இது முட்டி என்று மனிதர்கள் உட்கார்ந்து குறித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அது பழகிக்கொண்டது. 2014-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 'டீப்போஸ்' என்ற பெயரில் இப்படி ஒன்றைச் செய்து காட்டினார்கள். 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து 'ஓப்பன்போஸ்' வந்தது. ஒரே படத்தில் பல பேர் இருந்தாலும் ஒவ்வொருவரின் கைகாலையும் பிரித்துச் சொன்னது. 2022 கத்தார் உலகக்கோப்பைக் கால்பந்தில் ஆஃப்சைடு பார்த்ததும் இதன் உறவுதான். மைதானத்தின் கூரைக்கடியில் 12 கேமரா. ஒரு ஆட்டக்காரருக்கு 29 புள்ளி. வினாடிக்கு 50 முறை.

எங்களுக்கு ஒரு ஆட்டக்காரர், ஒரு கேமரா. மைதானம் எங்கள் வீட்டுப் பட்டாசாலை!

தினமும் சாயந்திரம் அப்பா லேப்டாப் முன்னால் நின்று கையைப் பக்கவாட்டில் தூக்குவார். திரையில் எண் ஓடும். நான் அதைக் கிராஃபாகப் போட்டேன். முதல் வாரம் 92. அடுத்த வாரம் 104. அப்புறம் 121. ஐந்தாவது வாரக் கடைசியில் 138! கோடு கோயில் கோபுரம் மாதிரி ஏறியது. டிபார்ட்மென்டில் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வாரம் பல்ஸ் இருந்ததால் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதான் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து சொன்னேன்: "அப்பா, 138 வந்துருச்சு. முக்கால்வாசி சரியாயிருச்சு."

அப்பா சிரித்தார். மறுநாள் காலையில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். மேடம் சொல்லாமல் பாரம் தூக்கக்கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. "தம்பி கம்ப்யூட்டர்ல பாத்துட்டான், சரியாயிருச்சாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று மாதமாக வருமானம் இல்லாத வீடு. அம்மா எப்படித் தடுப்பார்?

அன்று அப்பா தொட்டியிலிருந்து கல் எடுத்து அடுக்கியிருக்கிறார்.

ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்லப்பா, நீ போயிப் படு. காலேசு போகணும்ல" என்றார்.

தோழர்களே, எனக்கு அரியர் வந்திருக்கிறது. லேப் எக்ஸாமில் அவுட்புட் வராமல் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம் அன்று வந்தது. ஏனென்றால் என் ப்ரோக்ராமில் எரரே வரவில்லை! நன்றாக ஓடியது. அழகாகக் கிராஃப் போட்டது. தப்பு எங்கே என்று சொல்ல ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்து, சேமித்து வைத்திருந்த பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். வீடியோவை நாங்கள் சேமிக்கவில்லை; அப்பாவுக்கு அது பிடிக்காது. புள்ளிகளும் கோடுகளும் மட்டும்தான். கறுப்புத் திரையில் ஒரு குச்சி மனிதன் கையைத் தூக்கித் தூக்கி இறக்குவான். முகம் கிடையாது. துணி கிடையாது.

பின்னால் நின்ற அப்பத்தா, "ஏண்டா அப்பு, இது ஒங்கப்பன் தான?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி அப்பத்தா தெரிஞ்சது?"

"எம்மகன எனக்குத் தெரியாதா? அது கெடக்கட்டும். அவன் எங்கடா கையத் தூக்குறான்? இடுப்பயில்ல சாய்க்கிறான்!"

இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். கை மேலே போகப் போக, குச்சி மனிதனின் முதுகுக்கோடு இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. தென்னை மரம் காற்றில் சாய்கிற மாதிரி. தினமும் அது திரையில் இருந்தது. நான்தான் மூலையில் ஓடிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் செய்ததை ஒருவர் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. 1973-இல் சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் யோஹான்சன், ஆட்களின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகள்தான். ஆனாலும் பார்த்தவர்கள் உடனே 'மனிதன் நடக்கிறான்' என்று சொல்லிவிட்டார்கள். 1977-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் இன்னும் ஒரு படி போய், வெறும் புள்ளிகளின் நடையைப் பார்த்தே நண்பர்களை அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு அசைவு அவ்வளவு பழக்கம். தாயின் கண்ணுக்குக் கேட்க வேண்டுமா?

சரி, என் தப்பு என்ன?

நான் தோளிலிருந்து முழங்கைக்கு ஒரு கோடு போட்டேன். இன்னொரு கோடு? திரையின் நேர் செங்குத்துக் கோட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டு புள்ளியில் வேலை முடிந்தது, சுலபம். ஆனால் அப்பா 24 டிகிரி சாய்ந்தால், அந்த 24-ம் கையின் கணக்கில் ஏறிவிடும். 138-இல் 24 போனால் 114. அதுதான் தோள் செய்த வேலை. மீதி இடுப்பு செய்தது. முதல் வாரத்திலும் 5 டிகிரி சாய்வு இருந்திருக்கிறது. 92 அல்ல, 87. ஆக 46 டிகிரி ஏறியதாக நான் கைதட்டு வாங்கினேன். ஏறியது 27.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கோணமானியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தம்பி, இதுல ஒரு கை நகரும், இன்னொண்ணு நகராது. நகராத கைய நான் எங்க வெக்கிறேன்னு பாத்தீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். நகராத கையை அவர் அப்பாவின் நெஞ்சு எலும்பு போகிற போக்கில் வைத்தார். நான் வைத்த மாதிரி சுவரை ஒட்டி அல்ல. உடம்பு எப்படிச் சாய்ந்தாலும் அந்தக் கையும் கூடவே சாயும்.

முதல் வருஷம் டிராயிங் ஹாலில் சார் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்த 'டேட்டம்' இதுதானே! எல்லா அளவும் ஒரு டேட்டத்திலிருந்து போக வேண்டும், டேட்டம் தப்பினால் அத்தனை அளவும் தப்பு. சிவில் நண்பர்கள் லெவல் எடுக்கும்போது பெஞ்ச் மார்க்கைத் தேடி அலைவதும் இதற்குத்தான். நான் அதைப் பரீட்சைக்குப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன்!

இதைக் குழுவில் சொன்னபோது, எங்களில் ஒரு கிரிக்கெட் பைத்தியம், "டேய், இது முரளிதரன் கேஸ்டா!" என்றான்.

கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரனை நமக்குத் தெரியும். டெஸ்டில் 800 விக்கெட். ஆனால் 1995 டிசம்பர் 26-ஆம் தேதி, மெல்போர்ன் மைதானத்தில், ஆயிரக்கணக்கான பேர் முன்னால், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் 7 முறை நோ-பால் கொடுத்தார். அவமானம்! 1996-இல் ஹாங்காங்கிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் பல்கலைக்கழகங்களில் அவருடைய கையைக் கேமரா வைத்து ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே அவருடைய முழங்கை முழுதாக நிமிராது. தோளும் மணிக்கட்டும் வேகமாகச் சுழலும்போது, அந்த வளைந்த கை நிமிர்வது மாதிரி ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றுகிறது என்றார்கள்.

எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் படித்த நமக்கு இது புரியும். சாய்ந்திருக்கும் கோட்டின் ஃப்ரண்ட் வியூ அதன் ட்ரூ லென்த்தைக் காட்டாது. கோணத்துக்கும் அதே கதிதான்.

அதைவிட முக்கியம், விதி என்ன கேட்கிறது என்பது. கை வளைந்திருக்கிறதா என்று அது கேட்கவில்லை. மேல்கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையை விடும் வரை முழங்கை எவ்வளவு நிமிர்ந்தது என்றுதான் கேட்கிறது. அதாவது, டேட்டம் அவரவர் கையேதான்! 2004-இல் அவருடைய 'தூஸ்ரா' பந்தைப் பெர்த்தில் அளந்தபோது 14 டிகிரி வந்தது. அன்று சுழற்பந்துக்கு வரம்பு 5 டிகிரி. பிறகு மற்ற பந்துவீச்சாளர்களையும் ஆராய்ந்தபோதுதான், சுத்தமாக வீசுவதாக நினைத்த பலரின் கையும் கண்ணுக்குத் தெரியாமல் நிமிர்கிறது என்று தெரிய வந்தது. 2005-இல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று ஐ.சி.சி. மாற்றியது.

அந்தப் பரிசோதனை பிறகு நம் சென்னைக்கும் வந்தது. ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையம் ஐ.சி.சி.யின் அங்கீகாரம் பெற்றது. பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் 2015 ஜனவரியில் சென்னையில்தான் மறுபரிசோதனைக்கு வந்து, பிப்ரவரியில் மீண்டும் பந்து வீச அனுமதி பெற்றார். இப்படிப்பட்ட இடங்களில் உடம்பில் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் பல கேமரா வைத்துப் பிடிப்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வெப்கேமரா. அப்பா கொஞ்சம் திரும்பி நின்றாலே கோணம் மாறிவிடும். இதையும் அப்போதுதான் உணர்ந்தோம்.

ப்ரோக்ராமைத் திருத்தினோம். செங்குத்துக் கோட்டை எடுத்துவிட்டு, இடுப்புகளின் நடுவிலிருந்து தோள்களின் நடுவுக்கு ஒரு கோடு போட்டோம். அதுதான் புது டேட்டம். அந்தக் கோடு 8 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கோணத்தையே காட்டாது. "நேராக நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லும். தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, அதில்தான் நிற்க வேண்டும் என்று வைத்தோம். வாரம் ஒருமுறை மேடத்தின் கோணமானியோடு ஒப்பிட்டோம். பெரும்பாலும் 5, 6 டிகிரிக்குள் ஒத்து வந்தது. ஒத்து வராத நாளில் மேடத்தின் எண்ணையே எடுத்துக்கொண்டோம். ஏனென்றால் அவர் அளக்கும்போது இன்னொரு கையால் தோள்பட்டை எலும்பு மேலே ஏறாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கேமராவுக்கு ஏது கை?

ஒரு நாள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் கணக்குத் தப்புப்பா. அதனாலதான் உங்களுக்கு வலி வந்துச்சு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஓங் கணக்கு மட்டும் இல்லப்பா. நானும் தெரிஞ்சேதான் சாஞ்சேன். நம்பர் ஏறுறப்ப ஒம் மொகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு. எனக்கும் வேலைக்குப் போகணும்னு அவசரம். கூடக் கொஞ்சம் சாஞ்சா கூடக் கொஞ்சம் ஏறுதுன்னு ரெண்டு நாள்லயே கண்டுபுடிச்சுட்டேன்."

கம்ப்யூட்டரை நான் பழக்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எங்க அப்பாவைப் பழக்கியிருக்கிறது!

வைவாவில் எக்ஸ்டெர்னல் சார், "அக்யூரசி எவ்வளவுப்பா?" என்று கேட்டார். ஒரு பெர்சன்டேஜ் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நான், "சார், எதிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது" என்று தொடங்கி, அப்பத்தா சொன்னது வரை சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான்: "அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

நன்றாக இருக்கிறார். போன மாதம் மேடம் அட்டையில் எழுதிய எண் 152. அவர் சொன்ன பிறகுதான் பட்டறைக்குப் போகிறார். இப்போதைக்கு அச்சில் வண்ணம் ஊற்றும் வேலை மட்டும். தொட்டி வேலை கிடையாது. தலையை அவரே சீவிக்கொள்கிறார். எனக்கு அது போதும்.

அடுத்த வருஷம் ப்ராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர்களே! இந்தத் துறையில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. தறியில் உட்காருபவர் முதுகு, நாற்று நடுபவர் இடுப்பு, ஓட்டப்பந்தயத்தில் ஓடுபவர் முழங்கால்... மென்பொருள் இலவசம், கேமரா எல்லோர் பையிலும் இருக்கிறது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முதல் வரி ப்ரோக்ராம் எழுதுவதற்கு முன், எங்கிருந்து அளக்கப் போகிறோம் என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த உடம்பைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். எண் நன்றாக வருகிற நாளில், வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 33 புள்ளிகளில் எதுவும் அதைச் சொல்லாது.



இறுதியாண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்